ஆடும் நாற்காலியும் உளுக்கும் மரமும்: சாப்பாட்டு மேசை நாற்காலிகளைக் குறிகண்டு சரிசெய்யும் முறை

சாப்பாட்டு நாற்காலியில் எந்தக் குறை தெரிந்தாலும், முதலில் அதை ஒரு பழைய பாயின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து, சன்னல் வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது பாலிஷும் மெத்தைத் துணியும்தான். கால்கள் சட்டத்தோடு எப்படிச் சேர்ந்திருக்கின்றன, மூலைகளில் முக்கோணக் கட்டைகள் இருக்கின்றனவா, பசை வெடித்துப் பொடியாகிவிட்டதா, முன்பே யாரேனும் ஆணி அடித்து வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அடியில்தான் தெரியும். கடையில் புதிய நாற்காலி வாங்கும்போதும் இதையே செய்யுங்கள். கவிழ்த்துக் காட்டத் தயங்கும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

இந்தக் குறிப்பில் சட்டம் என்பது, இருக்கையைச் சுற்றி நான்கு கால்களையும் இணைக்கும் மரத்துண்டுகளைக் குறிக்கும். குறுக்குக்கட்டை என்பது அதற்குக் கீழே, காலுக்கும் காலுக்கும் இடையே ஓடுவது. கழுந்து என்பது சட்டத்தின் முனையில் நாக்குப் போல விடப்பட்டு, காலில் குடைந்த துளைக்குள் இறங்கும் பகுதி. நாற்காலியின் உயிர் இந்தக் கழுந்தில்தான் இருக்கிறது. கீழே சொல்லப்படும் பெரும்பாலான குறைகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

உட்காரும்போது பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ ஆடுகிறது

வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே. மிகுதியாகத் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுவே. எங்கள் வீட்டில் என் மாமனார் காலத்துத் தேக்கு நாற்காலிகள் ஆறு இருந்தன. அவற்றில் ஒன்று ஆடத் தொடங்கியபோது, வேறு வேலைக்கு வந்திருந்த ஒருவர் இரண்டு அங்குல ஆணி ஒன்றைப் பின்காலின் வழியாகச் சட்டத்துக்குள் இறக்கிவிட்டார். அன்றைக்கு அது அசையாமல் நின்றது. சில மாதங்களில் அந்த ஆணி இருந்த இடத்திலிருந்து கால் நெடுகப் பிளந்து, நாற்காலி விறகாயிற்று. மற்ற ஐந்தும் கழற்றப்பட்டு, பசை புதுப்பிக்கப்பட்டு, இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிக்காதீர்கள் என்று நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அந்த ஒன்றின் இழப்பே காரணம்.

ஆட்டம் ஏன் வருகிறது என்பது புரிந்தால், ஆணி ஏன் உதவாது என்பதும் புரியும். மரம் ஈரக்காற்றில் ஊதும், வறண்ட காற்றில் சுருங்கும். ஆனால் நார் ஓடும் நீளவாக்கில் அந்த மாற்றம் மிகமிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். கழுந்தும் அதை ஏற்கும் துளையும் ஒன்றுக்கொன்று குறுக்காக நார் ஓடும் இரு மரங்கள் என்பதால், ஐப்பசி மழையில் ஊதிய கழுந்து துளையின் சுவரில் நெருக்குண்டு நசுங்குகிறது, பிறகு கோடையிலோ குளிர்சாதன அறையின் வறட்சியிலோ சுருங்கும்போது முன்பிருந்ததைவிடச் சற்று மெலிந்து நிற்கிறது. ஆண்டுதோறும் இது நடக்க, பசைப் படலம் விட்டுப்போகிறது. இதனோடு, சாப்பிட்டு முடித்தவர் நாற்காலியை இரண்டு பின்கால்களின் மேல் சாய்த்து உட்காரும் பழக்கமும் சேர்ந்தால், உடலின் எடை முழுவதும் பின்காலும் பக்கச் சட்டமும் சேரும் அந்த ஒரு மூட்டை நெம்புகிறது. ஆணி இந்த அசைவை நிறுத்துவதில்லை. அசைவு தொடர்கிறது, ஆணி இறுக்கமாக நிற்கிறது, அதனால் ஆணியைச் சுற்றியுள்ள மரம் கிழிகிறது.

முதலில் எந்த மூட்டு விட்டிருக்கிறது என்று கண்டறிய வேண்டும். கவிழ்த்த நாற்காலியின் இரண்டிரண்டு கால்களைக் கைகளால் பிடித்து, மெல்ல விலக்கியும் நெருக்கியும் பாருங்கள். விட்டுப்போன மூட்டில் தலைமுடி அளவு கோடு திறந்து மூடுவது தெரியும். அந்த மூட்டுகளில் பென்சிலால் குறியிடுங்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் காலுக்கும் ஒரே எண்ணை எழுதி வைப்பது நல்லது, ஏனெனில் கையால் செய்த நாற்காலியில் ஒரு கழுந்து மற்றொரு துளைக்குப் பொருந்தாது. பிறகு மூலைக்கட்டைகளின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, மரத்துண்டு ஒன்றை அணைகொடுத்து, கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி மூட்டைப் பிரிக்க வேண்டும். இரும்புச் சுத்தியலால் நேராகக் காலில் அடித்தால் மரம் நசுங்கும். இறுக்கமாக இருக்கும் மூட்டுகளைப் பிரிக்க வேண்டியதில்லை. விட்டுப்போனவற்றை மட்டும் பிரித்தால் போதும்.

மூட்டு பாதி விட்டும் பாதி பிடித்தும் இருந்தால், அது எந்தப் பசை என்பதைப் பொறுத்து வழி மாறும். மிகப் பழைய நாற்காலிகளில் ஆசாரிகள் காய்ச்சிப் பூசிய வச்சிரம் இருக்கும். அது விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகும். அண்மைக் காலத்து நாற்காலிகளில் இருப்பது ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. அதை இளக்க, சற்றே சூடாக்கிய வினிகரைச் சொட்டுச் சொட்டாக மூட்டுக்குள் விட்டுக் காத்திருக்க வேண்டும்.

பிரித்தபின் செய்யும் வேலையில்தான் பொறுமை தேவை. காய்ந்துபோன பழைய வெள்ளைப் பசையின்மேல் புதிய வெள்ளைப் பசை ஒட்டாது. அது மர நாருக்குள் ஊறினால்தான் பிடிக்கும். ஆகவே கழுந்தின் நான்கு பக்கங்களையும் துளையின் உட்சுவரையும் உளி முனையாலும் உப்புத்தாளாலும் சுரண்டி, வெறும் மரம் தெரியும்படி செய்ய வேண்டும். பசையை மட்டும் எடுங்கள், மரத்தை எடுக்காதீர்கள். சுத்தம் செய்தபின் கழுந்தைத் துளைக்குள் வெறுமனே இறக்கிப் பாருங்கள். கையால் அழுத்தினால் உள்ளே போய், தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் இருக்குமானால் அது சரியான பிடிப்பு. லொடலொடவென்று இருந்தால், இழைப்புளியில் வரும் மெல்லிய மரச்சுருளை அளவாக வெட்டி, கழுந்தின் இரு தட்டைப் பக்கங்களிலும் பசையிட்டு ஒட்டிக் காயவிட்டு, பொருந்தும்வரை தேய்க்க வேண்டும். இடைவெளியை நிரப்பும் ஆற்றல் வெள்ளைப் பசைக்கு இல்லை. அந்த இடைவெளியைப் பசையாலேயே நிரப்பலாம் என்று கூடுதலாக ஊற்றுவதில் பயனில்லை. மரச்சுருள் வைக்க இயலாத அளவு துளை சிதைந்திருந்தால், இரு கூறுகளைக் கலந்து பூசும் எப்பாக்சி பசையைப் பயன்படுத்தலாம். ஆனால் அப்படி ஒட்டிய மூட்டை மறுமுறை பிரிப்பது கடினம் என்பதால், அதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும்.

பசையைக் கழுந்திலும் துளைச் சுவரிலும் மெல்லிதாகப் பூசி, மூட்டைச் சேர்த்து, இறுகக் கட்ட வேண்டும். தச்சுப் பட்டறையில் இதற்கு நீளக் கிளாம்ப் இருக்கும். வீட்டில் இல்லையென்றால் பருத்திக் கயிற்றைச் சட்டத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, இரு சுற்றுகளுக்கு இடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் அதே இறுக்கம் கிடைக்கும். மிதிவண்டியின் பழைய டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுவதும் நன்றாகவே வேலை செய்யும். கயிறு பதியும் மூலைகளில் அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இறுக்கியவுடன் அப்படியே விட்டுவிடக் கூடாது. நாற்காலியைச் சமதளமான தரையில் நிறுத்தி நான்கு கால்களும் படிகின்றனவா என்று பார்த்து, இருக்கைச் சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இருக்கை பின்புறம் குறுகியிருந்தாலும், இடமும் வலமும் ஒத்திருந்தால் இரண்டு குறுக்களவுகளும் சமமாகவே வரும். வேறுபட்டால் நீளமான திசையில் கயிற்றை மேலும் இறுக்கி நேராக்க வேண்டும். பசை காய்ந்தபின் இதைத் திருத்த முடியாது. வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் பின்னர் பாலிஷை ஏற்காது. 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது. அடைமழைக் காலமென்றால் 48 மணி நேரம். கடைசியில் மூலைக்கட்டைகளையும் பசையிட்டுத் திருகாணியால் பொருத்துங்கள். மூலைக்கட்டையே இல்லாத நாற்காலிக்கு இந்த வேளையில் புதிதாகச் செய்து பொருத்தினால், அதன் ஆயுள் பல மடங்கு கூடும்.

கழுந்து இல்லாமல் போல்ட்டால் இணைத்து, பெட்டியில் பிரித்து அனுப்பப்படும் நாற்காலிகளுக்கு இவ்வளவு வேலை இல்லை. அவற்றை மட்டம் என்று நினைத்துவிடவும் வேண்டாம்: வியன்னாவில் மைக்கேல் தோனெட் 1859-இல் உருவாக்கிய 14-ஆம் எண் நாற்காலி, வளைத்த மரத்துண்டுகள் ஆறும் திருகாணிகள் பத்தும் நட்டுகள் இரண்டுமாகப் பிரித்து அனுப்பப்பட்டு, உலகெங்கும் உணவகங்களில் நின்றது. போல்ட் நாற்காலியைப் பூட்டும் முறை மட்டும் முக்கியம். ஒவ்வொரு போல்ட்டையும் வந்த வரிசையில் முழுக்க இறுக்கினால் சட்டம் கோணிவிடும். எல்லாவற்றையும் விரலால் திருகி நிறுத்தி, நாற்காலியைத் தரையில் நிமிர்த்தி, ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது ஆலன் கீ என்னும் அறுகோண முனைச் சாவியால் சுற்றி வந்து இறுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். திருகாணித் துளை தளர்ந்திருந்தால், மூங்கில் சிம்புகளையோ மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ பசையில் தோய்த்துத் துளைக்குள் நெருக்கமாகச் செருகி, காய்ந்தபின் மட்டமாக வெட்டி, அதே திருகாணியைத் திரும்ப ஏற்றலாம்.

ஒரு கால் தரையில் படியாமல் தட்டுகிறது

முதலில் குறை நாற்காலியிலா தரையிலா என்று அறிய வேண்டும். அதே நாற்காலியைக் கூடத்தின் வேறு இரண்டு இடங்களில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தட்டினால் அது தரைக்கற்களின் ஏற்ற இறக்கம். எங்கு வைத்தாலும் தட்டினால், கால் கட்டையாகிவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன் மேலே சொன்ன குறுக்களவை எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் பல வேளைகளில் கால்கள் நான்கும் ஒரே நீளமாகவே இருந்து, சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கும்.

கால் நீளமே வேறுபடுகிறது என்பது உறுதியானால், இடைவெளியில் தபால் அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி, ஆட்டம் நிற்கும்போது அவற்றின் மொத்தத் தடிமனை அளந்துகொள்ளுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு உட்பட்டதென்றால் அந்தக் காலின் அடியில் அதே தடிமனுள்ள மரத்துண்டையோ கட்டி ரப்பரையோ ஒட்டுவது போதும். அதற்கு மேலென்றால், அட்டைகளைச் செருகிய நிலையிலேயே வைத்து, ஒரு சிறு மரக்கட்டையின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அந்தக் கட்டையைத் தரையோடு நகர்த்தி நான்கு கால்களையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடிட்டு, அந்தக் கோட்டில் அறுக்க வேண்டும். கண்ணளவில் ஒரு காலை அறுத்து, பிறகு அடுத்ததை அறுத்து என்று போனால் அதற்கு முடிவே இராது.

உட்கார்ந்தால் கிறீச்சிடுகிறது

ஆட்டம் தெரிவதற்கு முன்னால் வரும் முன்னறிவிப்பு இது. மரத்தோடு மரம் உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஒலி அடங்கும் என்றாலும், அது குறையை மறைக்குமே தவிர நீக்காது. மூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடுவது இன்னும் கெடுதல். எண்ணெய் ஊறிய மரத்தில் பின்னர் எந்தப் பசையும் பிடிக்காது. ஒலி வரும் மூட்டைக் கண்டுபிடித்து, திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் பிரித்து ஒட்டுங்கள்.

காலில் அல்லது சாய்வில் விரிசல் தெரிகிறது

நார் ஓடும் திசையிலேயே விரிசல் ஓடியிருந்தால் அச்சம் வேண்டாம். விரிசலை மெல்லத் திறந்து, மெல்லிய தகட்டாலோ ஊசியற்ற மருந்துக் குழலாலோ பசையை ஆழம் வரை செலுத்தி, டியூப் நாடாவால் சுற்றி ஒரு நாள் வைத்தால், ஒட்டிய கோடு சுற்றியுள்ள மரத்தைவிட உறுதியாக நிற்கும். விரிசல் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் செய்தி வேறு. நாரின் முனையோடு முனையைப் பசை தாங்காது. அந்தத் துண்டையே மாற்ற வேண்டும், அதுவரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது.

வளைந்த பின்கால்களில் இந்தக் குறுக்கு முறிவு மிகுதி. வளைவை நேர்ப் பலகையிலிருந்து அறுத்தெடுக்கும்போது, வளையும் இடத்தில் நார் காலின் நீளத்தோடு ஓடாமல் சாய்வாக வெளியேறிவிடுகிறது. கடையில் பின்காலின் பக்கத்தை உற்றுப் பார்த்தால் இந்தக் கோடுகள் தெரியும். கோடுகள் காலோடு நெடுக ஓடும் நாற்காலியையே தேர்ந்தெடுங்கள். ஒரு சாண் நீளத்துக்குள்ளேயே கோடுகள் விளிம்பில் போய் முடிந்தால், மரம் தேக்கே ஆனாலும் அதை விட்டுவிடுங்கள்.

உட்கார்ந்தால் தோள் ஏறுகிறது, தொடை மரத்துப்போகிறது, கால் தொங்குகிறது

இதைப் பலரும் உடம்பின் குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது அளவின் குறை. சாப்பாட்டு மேசையின் உயரம் பொதுவாக 29 முதல் 30 அங்குலம். அதற்கேற்ற இருக்கை உயரம் 17 முதல் 18 அங்குலம். மேசையின் மேற்பரப்புக்கும் இருக்கைக்கும் இடையே 11, 12 அங்குலம் இருந்தால் கை இயல்பாகத் தட்டுக்குப் போகும். மெத்தை உள்ள இருக்கையில், ஒருவர் உட்கார்ந்து மெத்தை அமுங்கியபின் வரும் உயரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். மேசையை ஓரிடத்திலும் நாற்காலியை வேறிடத்திலும் வாங்குகிறவர்கள் அளவுநாடாவோடு போவது நல்லது. மேசைப் பலகைக்கு அடியில் ஓடும் சட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலிகள் பலவும் அந்தச் சட்டத்தில் இடித்து உள்ளே போகாமல் நின்றுவிடும்.

இருக்கையின் ஆழம் 16, 17 அங்குலத்துக்கு மேற்பட்டால், உயரம் குறைந்தவருக்கு முதுகு சாய்வில் படாது, அல்லது முழங்காலின் பின்பக்கம் விளிம்பில் அழுந்தித் தொடை மரத்துப்போகும். முதுகுக்குத் தலையணை வைத்து ஆழத்தைக் குறைக்கலாம். தொங்கும் கால்களுக்கு ஒரு மணையைப் போட்டுக்கொள்ளலாம். நான்கு கால்களையும் சமமாக ஓர் அங்குலம் வரை அறுப்பதும் தவறில்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் நாற்காலியிலும் ஒரு காலை மடித்து வைத்தோ சம்மணமிட்டோதான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குக் கைப்பிடி இல்லாத, 18 அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள, முன்விளிம்பு உருட்டப்பட்ட இருக்கை வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கோ மாறாக, ஊன்றி எழக் கைப்பிடியும் 18 அங்குலத்துக்குக் குறையாத உயரமும் தேவை. ஆறு நாற்காலிகளும் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. வீட்டில் இருப்பவர்களின் உடம்பைப் பார்த்து இரண்டை வேறாக வாங்குவதே அறிவுடைமை என்பது என் கருத்து. நாற்காலியை இழுத்து எழுந்து நடக்க, மேசைக்கும் சுவருக்கும் இடையே 30 அங்குலமாவது வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அந்த இடமில்லாமல் சுவரில் இடித்து இடித்தே பல நாற்காலிகளின் சாய்வு தளர்கிறது.

மெத்தை அமுங்கி, அடிப்பலகை உறுத்துகிறது

இருக்கை பெரும்பாலும் அடியிலிருந்து வரும் நான்கு திருகாணிகளால்தான் பிடிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றினால் பலகையும் ஃபோமும் துணியும் ஒரு தட்டுப் போலத் தனியே வந்துவிடும். ஃபோம் கடையில் தடிமனை மட்டும் சொல்லிக் கேட்காமல், அடர்த்தியையும் கேளுங்கள். நாள்தோறும் பயன்படும் இருக்கைக்கு 40 அடர்த்தியில் இரண்டு அங்குலம் பொருத்தமானது. இந்த எண் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடையைக் கிலோவில் சொல்வது. அடர்த்தி குறைந்த நான்கு அங்குல ஃபோம் கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது மிகவும் சுகமாக இருக்கும், ஆனால் விரைவில் அமுங்கிவிடும்.

துணியை இழுத்து அடிக்கும்போது முன்பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்ளர் முள், பின்பக்கத்தின் நடுவில் ஒன்று, பிறகு இரு பக்கங்களின் நடுவில் என்று தொடங்கி, நடுவிலிருந்து மூலைகளை நோக்கிப் போக வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் விழும்.

தோல் போலத் தோன்றும் செயற்கை உறை செதில் செதிலாக உரிவதற்கு மருந்து இல்லை. அதன் மேலுள்ள பாலியூரித்தேன் படலத்தை நம் காற்றின் ஈரமும் தலைமுடி எண்ணெயும் வியர்வையும் சிதைத்துவிடுகின்றன. எதைப் பூசினாலும் அது திரும்பி வராது, உறையை மாற்றத்தான் வேண்டும். துவைத்து மாட்டக்கூடிய பருத்தி உறைகளே நம் ஊர்ச் சாப்பாட்டு மேசைக்கு ஏற்றவை. சாம்பாரின் மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பைப் போட்டால் கறை சிவந்துபோவதைப் பலர் பார்த்திருப்பார்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து குங்குமம் சிவப்பதும் இதே மாற்றம்தான். அஞ்சாமல் அலசி, நேர் வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது.

பிரம்புப் பின்னல் தொய்ந்து தொங்குகிறது

இழைகள் அறுந்துவிடவில்லை என்றால் இதற்கு மிக எளிய மருத்துவம் உண்டு. நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பின்னலின் அடிப்பக்கத்தில் அரை மணி நேரம் போர்த்தி வையுங்கள். மேற்பக்கம் வழுவழுப்பான தோல் உள்ளது, நீரை எளிதில் ஏற்காது. அடிப்பக்கமே நீரை உறிஞ்சும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, நிழலில் ஓர் இரவு முழுக்கக் காயவிட்டால், உலரும்போது இழைகள் சுருங்கிப் பின்னல் மறுபடியும் விறைத்து நிற்கும். காயும்வரை யாரும் உட்காரக் கூடாது. பிளாஸ்டிக் ஒயரால் பின்னியதற்கு இது பலிக்காது.

இழை அறுந்திருந்தால் அந்த இழையை மட்டும் மாற்ற முயல்வது வீண். ஒன்று அறுந்தது என்றால் மற்றவையும் அதே முதுமையில்தான் இருக்கும். சட்டத்தைச் சுற்றிச் சிறு துளைகளிட்டு இழை இழையாகக் கையால் பின்னிய நாற்காலியை, அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்து முழுக்கப் பின்னச் சொல்லுங்கள். பார்வையற்றோர் பலர் இந்தத் தொழிலைத் திறம்படச் செய்து வருகிறார்கள். துளைகள் இல்லாமல், பின்னிய விரிப்பைக் காடிக்குள், அதாவது மரத்தில் வெட்டிய நீள்பள்ளத்துக்குள், அழுத்தி ஒட்டியிருந்தால் விரிப்பையே மாற்றலாம். குளிர்சாதன அறையில் இருக்கும் பிரம்பு உலர்ந்து ஒடியும் என்பதால், மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுவது நல்லது.

நாற்காலிக்கு அடியில் மாவு போன்ற தூள் விழுகிறது

இது உளுப்பூச்சியின் வேலை. கரையான் என்றால் மண் புற்றுக்கோடு தெரியும். உளுப்பூச்சிக்கோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள வட்டத் துளைகளும், விரலில் தேய்த்தால் மாவாக உணரப்படும் தூளும் அடையாளம். துளை இருப்பதாலேயே பூச்சி இருக்கிறது என்று பொருளில்லை, அது வெளியேறிப்போன வழியாகவும் இருக்கலாம். தூளைத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதிய தூள் விழுந்தால் புழு உள்ளே இருக்கிறது. அந்த நாற்காலியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வைத்து, மரப்பூச்சி மருந்தை மருந்துக் குழலால் துளைகளுக்குள் செலுத்தி, மெழுகால் அடைக்க வேண்டும். சாப்பிடும் இடத்தில் இருக்கும் பொருள் என்பதால் இதை வெளியில் வைத்துச் செய்து, மருந்து முழுக்கக் காய்ந்து வாடை போனபிறகே உள்ளே கொண்டுவர வேண்டும்.

தேக்கின் வைர மரத்தை, அதாவது முதிர்ந்த உள்மரத்தை, இவை அண்டுவதில்லை, ஏனெனில் அதன் எண்ணெயும் வேதிப்பொருள்களும் பூச்சிக்கு ஆகாதவை. ஆனால் அதே தேக்கின் வெளிறிய வெளிமரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தேக்கு என்று விலை கொடுத்து வாங்கியது உளுத்துப்போனதாகச் சொல்பவர்களின் நாற்காலியில் பெரும்பாலும் இந்த வெளிமரமே இருக்கும். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும், பால் வற்றியபின் வெட்டப்படும் ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி, அதுவே பூச்சிக்கு உணவு. எனினும் போரான் சேர்மத்தில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்திய ரப்பர் மரம் நல்ல மரமே. அதைக் குறைத்துப் பேசுவது சரியன்று. வாங்கும்போது இந்த இரண்டும் செய்யப்பட்டனவா என்று கேட்டால் போதும். பெண்பூச்சி பாலிஷ் இல்லாத மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடுகிறது, நம் நாற்காலிகளில் பாலிஷ் இல்லாத இடமோ அடிப்பக்கம்தான். ஆகவே அடிப்பக்கத்துக்கும் ஒரு கை வார்னிஷ் பூசிவிடுங்கள். செலவு சிறிது, பயன் பெரிது.

வெள்ளை வளையம், கறுத்த பிசுக்கு, கறுப்புக் கறை

சூடான பாத்திரம் வைத்த இடத்தில் தோன்றும் வெள்ளை வளையம், பாலிஷ் படலத்துக்குள் சிக்கிய ஈரம். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உலர்ந்த பருத்தித் துணியை அதன்மேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் சில நொடிகள் மட்டும் வைத்து எடுத்துப் பார்த்து, மீண்டும் வைத்து எடுத்தால் மறையும். அரக்கு பாலிஷில்தான் இது மிகுதியாக வரும். உங்கள் நாற்காலி அரக்கு பாலிஷா என்று அறிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒற்றுங்கள், பிசுபிசுத்தால் ஆம். அப்படிப்பட்ட நாற்காலியின் அருகே கைகழுவும் சானிட்டைசரைச் சிந்தாதீர்கள், அது பாலிஷைக் கரைத்துவிடும்.

சாய்வின் மேல்விளிம்பில் படியும் கறுத்த பிசுக்கு தலை எண்ணெயும் கைவியர்வையும் சேர்ந்தது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டுவிட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். கம்பி நார் கூடவே கூடாது. ஆணியையோ திருகாணியையோ சுற்றித் தெரியும் நீலங்கலந்த கறுப்பு, இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்து உண்டாவது. அந்த இரும்பை எடுத்து, பித்தளையோ எவர்சில்வரோ போட்டாலொழிய அது திரும்பத் திரும்ப வரும்.

இரும்புக் கால் துருப்பிடிக்கிறது, தரையில் கீறல் விழுகிறது

குழாய்க் காலின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தோ கழன்றோ போனபின், தரை துடைக்கும் நீர் குழாய்க்குள் ஏறி, உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே புள்ளி தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். புஷ் போன அன்றே மாற்றுங்கள். வன்பொருள் கடையில் குழாயின் வெளியளவைச் சொன்னால் கிடைக்கும். துரு மேலோட்டமாக இருந்தால் எமரித் தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, பிறகு எனாமல் அடிக்கலாம். மர நாற்காலிகளுக்குக் கம்பளித்துண்டு ஒட்டுவோர், நாள்தோறும் ஈரத்துணியால் துடைக்கும் வீட்டில் அது நீரை உறிஞ்சிக் காலின் முனையை ஊறவைக்கும் என்பதையும், அதில் சிக்கும் மணலே தரையைக் கீறும் என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே ரப்பரோ நைலானோ பொருத்தமானது.

பிளாஸ்டிக் நாற்காலியில் வெண்கோடுகள்

காலும் இருக்கையும் சேரும் வளைவில் வெண்ணிறக் கோடுகள் தெரிந்தால், பிளாஸ்டிக் அங்கே இழுபட்டு நலிந்துவிட்டது என்று பொருள். இவ்வகை நாற்காலிகளின் பிளாஸ்டிக்கான பாலிபுரொப்பிலீனில் வீட்டுப் பசைகள் எதுவும் ஒட்டாது. அந்த நாற்காலியை ஒதுக்கிவிடுங்கள். குறிப்பாக முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் அதில் உட்காரவைக்க வேண்டாம். பரணில் இருப்பதை எடுக்கவும் மின்விசிறியைத் துடைக்கவும் அதன்மேல் ஏறி நிற்கவும் கூடாது. மர நாற்காலியின் மேலும் ஏறி நிற்காமல் இருப்பதே முறை. அந்த வேலைக்கு ஏணி இருக்கிறது.

சரிசெய்வதா, மாற்றுவதா

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் திருகாணி பிய்ந்து வந்துவிட்டால், அது ஒருமுறை ஈரம்பட்டு உப்பியும் இருந்தால், அதற்குச் செலவு செய்யாதீர்கள். கழுந்து முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிட்ட நல்ல மர நாற்காலியை அப்படிக் கைவிட வேண்டாம். முறிந்ததைக் குடைந்தெடுத்து, சட்டத்தின் முனையிலும் காடி வெட்டி, இரண்டிலும் இறங்கும்படி தனிக் கழுந்து ஒன்றைச் செய்து பொருத்த எந்த நல்ல ஆசாரிக்கும் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்கு நாற்காலிகள் கால் தளர்ந்த நிலையில் கிடைப்பதுண்டு. புதிய நாற்காலிக்குக் கொடுக்கும் விலையை அதற்குக் கொடுக்கலாமா என்று தயங்குபவர்கள், வழக்கம்போல் அதைக் கவிழ்த்துப் பார்த்து, கழுந்துகளும் பின்கால்களும் முழுமையாக இருக்கின்றனவா, எங்கும் ஆணித்தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஆணி படாத பழைய தேக்கு என்றால் நான் தயங்காமல் வாங்குவேன்.